“உனக்குத்தான் குழந்தை இல்லையே, நீ பாத்துக்க”: டீமில் நேரச் சலுகையை நியாயமாகப் பிரிப்பது எப்படி?

தீபாவளி அன்று ஆன்-கால் (அவசரம் என்று அழைத்தால் உடனே வேலை பார்க்கத் தயாராக இருப்பது) யாருக்கு என்ற பேச்சு எழுந்தால், சென்னையின் பல ஐடி டீம்களில் கண்கள் முதலில் கல்யாணமாகாதவர் பக்கம் திரும்பும். அடுத்து, கல்யாணமாகியும் குழந்தை இல்லாதவர் பக்கம். “உனக்கென்னப்பா, குழந்தையா குட்டியா” என்று ஒருவர் சொல்வார். கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை. ஆனால் அந்த ஒரு வரியில் இன்னொருவரின் பண்டிகை போய்விடுகிறது.

மறுபக்கம், டேகேர் மூடுவதற்குள் போய்ச் சேர வேண்டுமே என்று ஐந்தரைக்குக் கிளம்புகிறார் ஒரு அம்மா. குழந்தையைத் தூங்கவைத்துவிட்டு ஒன்பதரைக்கு மறுபடி லாகின் செய்து மீதி வேலையை முடிக்கிறார். கிளம்பியதை எல்லாரும் பார்க்கிறார்கள், திரும்பி வந்ததை யாரும் பார்ப்பதில்லை. இப்படி இரண்டு பக்கமும் மனக்கசப்பு சேர்கிறது.

ஒருவர் சீக்கிரம் கிளம்புவது அநியாயம் அல்ல. அவர் கிளம்பிய பிறகு வரும் வேலையை யார் எடுக்கிறார், அது எங்காவது கணக்கில் ஏறுகிறதா என்பதுதான் கேள்வி. சலுகையைக் கிராம் கணக்கில் சமமாக நிறுக்க முயலும் டீம்கள் சண்டையில் முடிகின்றன. சலுகையால் உண்டாகும் வேலையைக் கணக்கில் வைக்கும் டீம்களில் சண்டை வெகுவாகக் குறைகிறது.

டீம் லீட், மேனேஜர், சிறு நிறுவனத்தின் ஹெச்ஆர் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன். எட்டுப் பேர் கொண்ட ஒரு சப்போர்ட் டீம் மனதில் இருக்கிறது. மருத்துவமனை ட்யூட்டி, வங்கிக் கிளை, கடை என்றால் எண்களை மாற்றிக்கொள்ளுங்கள்.

முதல் படி: பேசுவதற்கு முன் கணக்கை எடுங்கள்

கடந்த ஆறு மாதத்துக்கு ஒரு எக்செல் தாள் போதும். வார இறுதி ஆன்-கால் யார் யார் பார்த்தார்கள், மாலை ஏழுக்குப் பிறகு வந்த அவசர டிக்கெட்டுகளை (வாடிக்கையாளர் பதிவுசெய்யும் புகார்களை) யார் எடுத்தார்கள், பண்டிகை நாட்களில் யார் வேலை செய்தார்கள், கடைசி நேரத்தில் ஷிப்ட் மாறியபோது யார் வந்து நின்றார்கள் என்று குறியுங்கள். யாருக்குக் குழந்தை இருக்கிறது என்ற கட்டம் அதில் வேண்டாம். அது நுழைந்துவிட்டால் தாள் முழுவதும் அந்தக் கண்ணோட்டத்தில்தான் படிக்கப்படும்.

கணக்கு இல்லாமல் பேசினால் நினைவில் நிற்பதுதான் வெல்லும். எண் எப்படிப் பேசும் என்று பாருங்கள். ஆண்டுக்கு 52 வார இறுதிகள். எட்டுப் பேரும் சுற்றில் வந்தால் ஆளுக்கு ஆறரை. மூன்று பேருக்கு வீட்டுச் சூழல் காரணமாக விலக்கு கொடுத்தால் மீதி ஐந்து பேருக்கு ஆளுக்குப் பத்துக்கு மேல். அதாவது ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்குக் கிட்டத்தட்ட நான்கு வார இறுதிகள் கூடுதல். விலக்கு கொடுத்த நாளில் இதை யாரும் முடிவு செய்யவில்லை, அது தானாக நடந்தது. தானாக நடந்ததை மேசைமேல் எடுத்து வைப்பதுதான் இந்தப் படியின் வேலை.

இரண்டாம் படி: சட்டம் கொடுத்ததைத் தனியே எடுத்து வையுங்கள்

மகப்பேறு விடுப்பு யாரும் தரும் சலுகை அல்ல. 1961-ஆம் ஆண்டின் மகப்பேறு பயன் சட்டம் 2017-இல் திருத்தப்பட்டபோது, முதல் இரண்டு குழந்தைகளுக்கு 12 வாரமாக இருந்த விடுப்பு 26 வாரமானது. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும், தாய் ஒரு நாளில் நான்கு முறை போய்ப் பார்த்து வரலாம். வேலைக்குத் திரும்பிய தாய்க்குக் குழந்தையின் 15-ஆம் மாதம் வரை தினமும் இரண்டு பாலூட்டும் இடைவேளைகள் உண்டு. வேலையின் தன்மை இடம்கொடுத்தால், இருதரப்பும் ஒத்துக்கொண்டு விடுப்புக்குப் பின் வீட்டிலிருந்து வேலை செய்யலாம் என்றும் அந்தச் சட்டம் சொன்னது. அதற்குப் பதிலாக 2025 நவம்பரில் நடப்புக்கு வந்த 2020-இன் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பிலும் இதே ஏற்பாடுகள் இருக்கின்றன. இவற்றை ‘அவளுக்கு மட்டும் ஏன்’ என்ற விவாதத்துக்குள் கொண்டுவரவே கூடாது.

அதே ஏற்பாடுகளில் அதிகம் பேசப்படாத ஓர் இடம் இருக்கிறது. கருச்சிதைவு ஏற்பட்ட பெண்ணுக்கு ஆறு வாரம் ஊதியத்துடன் விடுப்பு உண்டு. ‘குழந்தை இல்லாதவர்’ என்று நாம் எளிதாகப் பெயர் வைத்துவிடும் பெண், இந்த உரிமையைக் கேட்கவே கூச்சப்பட்டு மூன்றாம் நாளே டெஸ்க்குக்குத் திரும்பியிருக்கலாம். டீமில் எல்லாருக்கும் போகும் விடுப்புக் குறிப்பில் இந்த வரியையும் சேர்த்துவிடுங்கள். யாரும் வாய்விட்டுக் கேட்க வேண்டியிருக்காது.

26 வார விடுப்பில் இன்னொரு சிக்கல். இஎஸ்ஐ (தொழிலாளர் அரசுக் காப்பீடு) வரம்புக்கு மேல் சம்பளம் வாங்குபவர் என்றால் விடுப்புக் காலச் சம்பளம் முழுவதையும் நிறுவனமே தருகிறது. பதிலாள் எடுத்தால் இன்னொரு சம்பளம் என்பதால் தயங்குகிறார்கள். விளைவாக அந்த ஆறு மாத வேலை சக ஊழியர்கள் தலையில் சத்தமில்லாமல் இறங்குகிறது, கோபமோ விடுப்பில் போனவர் மேல் திரும்புகிறது. இங்கே லீடின் கடமை, மேலிடத்துக்கு ஒரு மெயில்: “இன்ன தேதியிலிருந்து ஒருவர் குறைவு. கான்ட்ராக்டில் ஓர் ஆள் வேண்டும். இல்லையென்றால் இந்த இரண்டு டெலிவரிகளைத் தள்ளிவைக்கிறோம்.” இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு அவர்களுடையது. அதை உங்கள் டீமின் கல்யாணமாகாத பையனுக்கு மாற்றிவிடாதீர்கள்.

மூன்றாம் படி: எந்த வேலைக்கு எந்த நேரம் வேண்டும் என்று எழுதுங்கள்

இதை ஒரே மாலையில் முடிக்கலாம். கிளையண்ட் கால் மாலை ஆறரைக்கு என்றால் அதற்கு யாராவது இருந்தே ஆக வேண்டும். ஆனால் எத்தனை பேர்? எட்டுப் பேர் உட்கார்ந்திருப்பார்கள், பேசுவது இரண்டு பேர். ரிப்போர்ட் எழுதுவதற்கு நேரமே முக்கியமில்லை. ஒவ்வொரு வேலைக்கும் நேரம் கட்டாயமா, குறைந்தது எத்தனை பேர் வேண்டும், வீட்டிலிருந்து செய்யலாமா என்று மட்டும் குறித்தால், ‘எல்லாரும் இருந்தே ஆக வேண்டும்’ என்று நினைத்த மணிகளில் பாதி கழன்றுவிடும். பகிர்வதற்கு அதிக நேரம் கிடைத்துவிட்டால் போட்டியே குறையும்.

நான்காம் படி: காரணத்தை எடைபோடாதீர்கள்

குழந்தையின் பள்ளி ஆண்டுவிழா பெரிதா, அப்பாவின் டயாலிசிஸ் பெரிதா, மாலை நேர எம்பிஏ வகுப்பு பெரிதா என்று லீட் தீர்ப்புச் சொல்ல ஆரம்பித்தால், ஊழியர்கள் தங்கள் வாழ்க்கையை உங்கள் முன் பரப்பி வாதாட வேண்டியதாகும். சிலரால் அது முடியாது. கருத்தரிப்பு மையத்துக்கு மாதவிடாய்ச் சுழற்சியின் குறிப்பிட்ட நாட்களில் காலையில் போயாக வேண்டியவர் காரணத்தைச் சொன்னால், அடுத்த மாதம் “ஏதாவது விசேஷமா?” என்ற கேள்வி வரும். அதற்கு அஞ்சியே பொய்க் காய்ச்சல் சொல்கிறார். அவருக்கு நேரமும் வேண்டும், மௌனமும் வேண்டும்.

குழந்தை இல்லாதவருக்குப் பொறுப்பே இல்லை என்பதும் நம் ஊரில் பொருந்தாத கற்பனை. பல வீடுகளில் கல்யாணமாகாத மகளோ மகனோதான் பெற்றோருடன் இருக்கிறார். 2007-ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், பெற்றோரைப் பராமரிப்பதை மகன், மகள் இருவருக்கும் சட்டக் கடமையாகவே ஆக்கியிருக்கிறது. டயாலிசிஸ் என்றால் பெரும்பாலும் வாரம் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம். எந்த டேகேர் நேரத்துக்கும் குறைந்த கட்டுப்பாடு அல்ல அது. எந்தப் பொறுப்பும் இல்லாத ஒருவர் இருந்தாலும், தன் மாலை நேரம் தனக்கு வேண்டும் என்று கேட்பதில் தப்பில்லை.

பிரிட்டன் இந்தப் பாதையில் படிப்படியாக நடந்தது. 2003-இல் வேலை நேரத்தை மாற்றிக் கேட்கும் உரிமை சிறு குழந்தைகளின் பெற்றோருக்கு மட்டும் வந்தது. 2007-இல் பெரியவர்களைப் பராமரிப்போரும் சேர்ந்தனர். 2014-இல் 26 வாரம் வேலை செய்த எல்லா ஊழியருக்கும், 2024 ஏப்ரலில் வேலையில் சேர்ந்த முதல் நாளிலிருந்தே என்று விரிந்தது. சிங்கப்பூரில் 2024 டிசம்பர் 1 முதல் நடப்பில் உள்ள வழிகாட்டு நெறிகளும், தகுதிகாண் காலம் முடித்த எவரும் முறைப்படி கேட்கலாம், நிறுவனம் இரண்டு மாதத்துக்குள் பதில் தர வேண்டும் என்கின்றன. இரண்டு இடத்திலும் கேட்டதெல்லாம் கிடைத்துவிடாது; வேலைக்குப் பாதிப்பு என்று காட்டி மறுக்கலாம். ஆனால் வரிசையில் நிற்கக் குழந்தை தேவையில்லை.

உங்கள் டீமுக்கு நான்கு கேள்விகள் கொண்ட படிவம் போதும். எந்த நேரம் மாற வேண்டும்? எவ்வளவு காலத்துக்கு? அந்த நேரத்தில் வரும் வேலை எப்படி நடக்கும்? அதில் யாருக்குக் கூடுதல் சுமை, அவரிடம் பேசியாயிற்றா? காரணம் என்ற கட்டமே இருக்கக் கூடாது. விரும்பினால் சொல்லட்டும். நான்காவது கேள்விதான் முக்கியம். கேட்பவரே அங்கே சக ஊழியரின் பெயரை எழுத வேண்டியிருப்பதால், அந்த உழைப்பு முதல் நாளிலேயே கண்ணுக்குத் தெரிந்துவிடுகிறது.

ஐந்தாம் படி: கவருக்குப் புள்ளி

மற்றவர் இடத்தில் நின்று செய்யும் வேலையை ‘கவர் பண்றது’ என்கிறோம். அதற்கு இதுவரை கிடைத்தது நன்றி மட்டும். இனி புள்ளி கிடைக்கட்டும். எடுத்துக்காட்டாக, வார நாளில் ஒரு கூடுதல் மாலைக்கு 1, சனி அல்லது ஞாயிறு ஆன்-காலுக்கு 2, பண்டிகை நாளுக்கு 4. ஒரு நாளுக்கும் குறைவான அவகாசத்தில் சொன்னால் இரட்டிப்பு. எண்களை நீங்கள் தீர்மானிக்காதீர்கள். “ஒரு தீபாவளிக்கு ஈடாக எத்தனை சாதாரண மாலை பார்ப்பீர்கள்?” என்று எல்லாரிடமும் கேட்டு நடுவில் வரும் எண்ணை வையுங்கள். ராத்திரி ஷிப்ட் அலவன்ஸுக்காகத் தானே கேட்டு வருபவர் இருப்பார். கிறிஸ்துமஸ் வேண்டும் என்பதால் தீபாவளியை மகிழ்ச்சியோடு எடுப்பவர் இருப்பார். பரிமாற்றத்துக்கு வழி திறந்திருக்கட்டும், ஆனால் இருவரும் எழுத்தில் ஒப்புக்கொள்ளட்டும்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூட்டிப் பாருங்கள். சராசரிக்கு மேலே இருப்பவருக்கு காம்ப் ஆஃபோ (கூடுதல் வேலைக்கு ஈடான லீவு), அடுத்த ரோஸ்டரில் (யாருக்கு எந்த நாள் வேலை என்ற பட்டியலில்) முதல் தேர்வோ, பணமோ கொடுங்கள். காம்ப் ஆஃப் கொடுப்பதாக இருந்தால் தேதியை அப்போதே காலண்டரில் போட்டுவிடுங்கள். பல நிறுவனங்களில் அது சில வாரங்களிலேயே காலாவதியாகிவிடுகிறது, எடுக்கவே முடியாத லீவு பரிசு ஆகாது. சராசரிக்குக் கீழே இருப்பவரைக் குற்றவாளியாக்காதீர்கள். அவரால் முடிந்த வடிவத்தில் கணக்கை நிமிர்த்த வழி கொடுங்கள். மாலையில் வர முடியாத அம்மா, காலை ஆறு மணி கண்காணிப்பை எடுக்கலாம். ஞாயிறு ஆன்-கால் முடியாத அப்பா, எல்லாரும் தள்ளிப்போடும் மாதாந்திர ஆடிட் ரிப்போர்ட்டை எடுத்துக்கொள்ளலாம். எதுவுமே முடியாத காலமும் வரும், குழந்தையின் முதல் ஆண்டு போல, வீட்டில் ஒருவர் படுக்கையில் இருக்கும் மாதங்கள் போல. அப்போது அந்தக் கடனை நிறுவனம் ஏற்க வேண்டும், கவர் செய்தவருக்குப் பணமாக.

ராத்திரி ஷிப்டைத் தனியாகக் கவனியுங்கள். தமிழ்நாட்டில் நிறுவனங்களில் பெண்கள் இரவு 8 முதல் காலை 6 வரை வேலை செய்ய அவர்களின் எழுத்துப்பூர்வ சம்மதம் வேண்டும். பாதுகாப்பு, போக்குவரத்து ஏற்பாடும் வேண்டும். அந்த விதி சரியானது. ஆனால் இதைக் காரணம் காட்டி, எந்தக் கணக்கும் இல்லாமல் கல்யாணமாகாத ஆண்களையே மாதக்கணக்கில் இரவில் வைத்திருப்பது வேறு விஷயம். உடம்பு யாருக்கும் உடம்புதான். இரவுக்குப் புள்ளி அதிகமாகவே இருக்கட்டும், தொடர்ச்சிக்கும் ஓர் உச்சவரம்பு வையுங்கள்.

ஆறாம் படி: பண்டிகையும் பள்ளி விடுமுறையும்

சண்டை அதிகம் வருவது இங்கேதான். மூன்று விதிகள் பெரும்பாலானவற்றைத் தீர்க்கும்.

ரயில் டிக்கெட் திறப்பதற்கு முன் ரோஸ்டர் வெளியாக வேண்டும். 2024 நவம்பரிலிருந்து முன்பதிவு 60 நாட்களுக்கு முன்புதான் திறக்கிறது. தென்மாவட்ட ரயில்களில் பண்டிகை இருக்கைகள் நிமிடங்களில் தீர்ந்துவிடும். பண்டிகைக்கு 75 நாள் முன்பே பட்டியலை ஒட்டிவிட்டால் எல்லாரும் ஒரே கோட்டில் நிற்கிறார்கள். பத்து நாள் முன்பு வெளியிடும் ரோஸ்டர், ஊருக்குப் போக முடியாதவரைத் தன்னாலேயே ‘வாலண்டியர்’ ஆக்கிவிடும்.

அடுத்து, நினைவு. போன ஆண்டு தீபாவளிக்கு வேலை பார்த்தவருக்கு இந்த ஆண்டு தீபாவளிக்கு லீவு, அவர் கேட்கவே வேண்டாம். கேட்கத் தயங்குபவர்தான் எப்போதும் மாட்டுகிறார். லீட் மாறும்போது இந்தப் பதிவும் கைமாற வேண்டும். புது லீடுக்குப் பழைய தீபாவளி தெரியாது. கூலியையும் மறக்க வேண்டாம். 1958-ஆம் ஆண்டின் தமிழ்நாடு தேசிய, பண்டிகை விடுமுறைகள் சட்டப்படி, ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகியவற்றோடு இன்னும் ஐந்து பண்டிகை விடுமுறைகள் உண்டு. அந்த நாளில் வேலை செய்தால் இரட்டைக் கூலி, அல்லது அன்றைய கூலியோடு வேறொரு நாள் சம்பளத்துடன் விடுமுறை. இதைக் கொடுத்துவிட்டு ‘சலுகை செய்தோம்’ என்று சொல்ல முடியாது.

மூன்றாவது, பள்ளி விடுமுறை. பெற்றோருக்கு மே மாதத்தை விட்டால் வேறு வழியில்லை என்பது உண்மை. அதற்காக மே முழுவதையும் அவர்களுக்கே எழுதிவைக்க வேண்டாம். ஒவ்வொருவருக்கும் ஆண்டில் ஒரு வாரத்துக்கு ‘முதல் உரிமை’ கொடுங்கள். பெற்றோர் அதை மே மாதத்தில் வைப்பார்கள். ஒருவர் ஆடியில் குலதெய்வம் கோயில் கொடைக்கு வைப்பார், இன்னொருவர் மார்கழிக் கச்சேரிக்கு. மே மாதத்தில் நெரிசல் மிஞ்சினால், அந்த வாரத்தில் உரிமை வைத்தவர்களுக்குள்ளேயே ஆண்டுக்கு ஆண்டு சுற்றுமுறை.

அவசரத்துக்கு இந்த விதி எதுவும் பொருந்தாது. குழந்தைக்குக் காய்ச்சல் என்று பள்ளியிலிருந்து போன் வந்தால் அவர் கிளம்ப வேண்டும், அப்பா மயங்கி விழுந்தார் என்று பக்கத்து வீட்டுக்காரர் கூப்பிட்டாலும் அப்படியே. யார் வீட்டு அவசரம் ‘நிஜ’ அவசரம் என்று அந்த நிமிடத்தில் யாரும் கேட்கக் கூடாது.

ஏழாம் படி: அப்பாக்களுக்கும் கொடுங்கள்

இதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். நியாயத்துக்கான பெரிய திறவுகோல் இங்கே இருக்கிறது என்று உறுதியாக நம்புகிறேன். மத்திய அரசு ஊழியரான அப்பாவுக்கு 15 நாள் விடுப்பு உண்டு. தனியார் துறையில் அப்பாவுக்கென்று சட்டமே இல்லை. அவர் நான்கு மணிக்குப் பர்மிஷன் கேட்டால் “வீட்ல மேடம் இல்லையா?” என்ற கேள்வி வருகிறது. அவர் பேசாமல் உட்கார்ந்துவிடுகிறார். அவர் மனைவி வேறொரு அலுவலகத்தில் மறுபடியும் எழுந்து போகிறார். அங்கே அவர் வேலையை, குழந்தை இல்லாத ஒரு பெண் மறுபடியும் கவர் செய்கிறார். அப்பா கேட்டதை நீங்கள் மறுத்தால் சுமை மறைவதில்லை, இன்னொரு நிறுவனத்தின் டெஸ்க்குக்குத்தான் போகிறது. அங்கே மறுக்கப்படும் அப்பாவின் பாரம் உங்கள் டெஸ்க்குக்கு வருகிறது.

எட்டாம் படி: அப்ரைசலில் பழிவாங்காதீர்கள்

சலுகையைக் கொடுத்துவிட்டு ரேட்டிங்கில் பறிப்பது எளிது. ஷெல்லி கோரெல் என்ற அமெரிக்கச் சமூகவியலாளரும் சகாக்களும் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே தகுதியுள்ள கற்பனை விண்ணப்பங்களை மதிப்பிடக் கொடுத்தார்கள். தாய் என்று தெரிந்த விண்ணப்பதாரருக்குத் திறமை மதிப்பும் குறைந்தது, பரிந்துரைத்த சம்பளமும் குறைந்தது. தந்தையருக்கு அந்த இழப்பு இல்லை. நிறுவனங்களுக்கே விண்ணப்பம் அனுப்பிப் பார்த்தபோது, குழந்தை இல்லாத பெண்களுக்கு வந்த அழைப்புகள் தாய்மார்களுக்கு வந்தவற்றைப் போலக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. பெற்றோர் சலுகை அனுபவிக்கிறார்கள் என்று எரிச்சல்படுபவர்களிடம் இந்தப் பக்கத்தையும் சொல்லுங்கள்.

ரேட்டிங் எழுதும்போது முடித்த வேலையை மட்டும் பாருங்கள். உட்கார்ந்திருந்த மணியும் வேண்டாம், கவர் புள்ளியும் அதில் வேண்டாம். கவருக்கான ஈடு அந்தக் காலாண்டிலேயே முடிந்துவிட்டது. அதை ரேட்டிங்கிலும் சேர்த்தால், நேரம் கொடுக்க முடியாதவர் எப்போதும் பின்தங்குவார்.

ஒன்பதாம் படி: எப்படிச் சொல்வது

மீட்டிங்குக்கு முன் தனித்தனியே பேசுங்கள். சீக்கிரம் கிளம்பும் அம்மாவுக்குத்தான் முதல் பயம் வரும்.

“நான் சீக்கிரம் கிளம்புறதப் பத்தித்தானே சார் இந்த மீட்டிங்?”

“இல்லைம்மா. உங்க டைமிங் அப்படியே இருக்கும். ஆறு மணிக்கு மேல வர்ற டிக்கெட்ட யார் எடுக்கிறாங்கன்னு இனிமே எழுதி வைக்கப் போறோம், அவ்வளவுதான். நீங்க ராத்திரி லாகின் பண்றதும் அதுல வரும்.”

அடுத்து, எப்போதும் சரி என்று தலையாட்டும் இளைஞரிடம்: “போன வருஷம் தீபாவளி, பொங்கல் ரெண்டும் நீங்கதான் பார்த்திருக்கீங்க. நாங்க கேட்டோம், நீங்க மறுக்கல. இந்த வருஷம் ரெண்டுக்கும் உங்க பேர் இல்ல. டிக்கெட் போட்டுடுங்க.”

லீடாக இல்லாமல் இந்தச் சுமையைச் சுமப்பவர் நீங்கள் என்றால், யாருடைய குழந்தையையும் குறிப்பிடாமல் எழுதுங்கள்: “கடந்த ஆறு மாதத்தில் 26 வார இறுதிகளில் இத்தனை நான் பார்த்திருக்கிறேன். அடுத்த காலாண்டில் சுற்றுமுறையை மாற்ற முடியுமா? இல்லையென்றால் ஈடாக காம்ப் ஆஃப் தேவை.” எண், கோரிக்கை, மாற்று வழி, மூன்றும் ஒரே மெயிலில் இருந்தால் எந்த மேனேஜருக்கும் பதில் சொல்லாமல் இருப்பது கஷ்டம்.

பத்தாம் படி: மூன்று மாதத்தில் திரும்பிப் பாருங்கள்

முதல் காலாண்டில் புள்ளி எண்கள் தப்பாகத்தான் இருக்கும். தீபாவளிக்கு 4 புள்ளி போட்டும் யாரும் முன்வரவில்லை என்றால் 6 ஆக்குங்கள். ஞாயிறுக்கு ஆட்கள் போட்டிபோட்டால் குறையுங்கள். மறுத்த கோரிக்கைகளைத் தனியே பட்டியலிட்டு, அதில் ஆண்கள் எத்தனை, ஜூனியர்கள் எத்தனை என்று ஹெச்ஆரை எண்ணச் சொல்லுங்கள். எல்லாருடைய புள்ளியும் ஒரே சமயத்தில் ஏறிக்கொண்டே போனால், டீமுக்குள் பகிர்வதற்கு இனி எதுவும் இல்லை, ஆள் பற்றவில்லை என்று பொருள். அந்தத் தாளை அப்படியே எடுத்துக்கொண்டு பட்ஜெட் மீட்டிங்குக்குப் போய் ஒன்பதாவது ஆளைக் கேளுங்கள்.